ஒரு சட்டக் கல்லூரியின் வரலாற்றை எழுதும் முறை

விழா மலருக்காக எழுதப்படும் கல்லூரி வரலாறுகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை: தொடக்க ஆண்டு, முதல்வர்களின் பட்டியல், கட்டடத்தின் படம், பெயர் பெற்ற பழைய மாணவர்கள் பத்துப் பேர். கலைக் கல்லூரிக்கே இது போதாது. சட்டக் கல்லூரிக்குக் கொஞ்சமும் பொருந்தாது. சட்டப் பட்டம் என்பது கவுன் போட்டுக்கொண்டு நீதிமன்றத்தில் நிற்பதற்கான அனுமதி. அந்த அனுமதி யாருக்கு என்ற விதியைக் கல்லூரி ஒருபோதும் தானாக எழுதியதில்லை. உயர் நீதிமன்றமும் பல்கலைக்கழகமும் அரசும், பின்னாளில் வழக்கறிஞர்களைப் பதிந்து ஒழுங்குபடுத்தும் அமைப்பான பார் கவுன்சிலும் எழுதின. விதி மாறியபோதெல்லாம் பாடம் மாறியது, படிப்புக் காலம் நீண்டது, வகுப்பறை போதாமல் போனது, ஆசிரியர் பணியிடம் கூடியது. ஆகவே விதிகளின் வரலாற்றை முதலில் வரிசைப்படுத்தி, அதன்மேல் கல்லூரியைப் பொருத்துங்கள். உதாரணங்களைப் பெரும்பாலும் சென்னைச் சட்டக் கல்லூரியிலிருந்து எடுத்திருக்கிறோம். தமிழ்நாட்டின் மற்ற சட்டக் கல்லூரிகளுக்கும் ஆவணங்கள் ஏறக்குறைய இதே இடங்களில்தான் இருக்கின்றன.

எது தொடக்க ஆண்டு?

முதல் பக்கத்திலேயே தவறு நேரும் இடம் இது. சென்னையை எடுத்துக்கொள்ளுங்கள். பிரசிடென்சி கல்லூரியில் 1850களிலேயே சட்ட வகுப்பு நடந்தது. பின்னாளில் அட்வகேட் ஜெனரலான ஜான் புரூஸ் நார்ட்டன் அங்கே சட்டம் கற்பித்தார். சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ல் வந்தது. தனிச் சட்டக் கல்லூரி 1891-ல் தொடங்கியது. உயர் நீதிமன்றத்தை ஒட்டிய செங்கல் கட்டடம், ஹென்றி இர்வினின் வடிவமைப்பு, 1899-ல்தான் கிடைத்தது. 'டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி' என்ற பெயர் 1990-ல் வந்தது. 2018-ல் வகுப்புகள் பட்டரைப்பெரும்புதூருக்கும் புதுப்பாக்கத்துக்கும் பிரிந்து போயின. இதில் எந்த ஆண்டிலிருந்து கல்லூரியின் வயதை எண்ணுவது?

கேரளத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். பழைய திருவிதாங்கூர் சட்டக் கல்லூரியின் மரபை எர்ணாகுளம் கல்லூரியும் சொந்தம் என்கிறது, திருவனந்தபுரம் கல்லூரியும் சொந்தம் என்கிறது. ஒன்று 1874 என்று போடுகிறது, மற்றொன்று 1875 என்கிறது.

செய்ய வேண்டியது எளிது. ஒரு தாளில் ஐந்து கட்டங்கள் வரையுங்கள்: கற்பித்தல் தொடங்கிய நாள், பல்கலைக்கழக இணைவு கிடைத்த நாள், தனி நிறுவனமான நாள், சொந்தக் கட்டடத்துக்குப் போன நாள், இப்போதைய பெயர் வந்த நாள். ஒவ்வொன்றின் கீழும் எந்த ஆவணம் அதைச் சொல்கிறது என்று எழுதுங்கள். ஆவணம் கிடைக்காத கட்டத்தைக் காலியாக விடுங்கள்; முந்தைய மலரைப் பார்த்து நிரப்பாதீர்கள். முந்தைய மலர் அதற்கு முந்தைய மலரைப் பார்த்து எழுதியிருக்கும். பிறகு, "இந்த நூலில் தொடக்க ஆண்டு என்பது தனி நிறுவனமான ஆண்டைக் குறிக்கும்" என்பது போல ஒரு வாக்கியத்தை முன்னுரையில் வைத்துவிட்டு, கடைசி வரை அதை மீறாமல் எழுதுங்கள்.

பல்கலைக்கழகச் சட்டத்துறையையும் சட்டக் கல்லூரியையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் சர்வதேசச் சட்டம், அரசியலமைப்புச் சட்டத்துக்கான தனித் துறை இருந்தது. 1951 முதல் 1961 வரை சி.எச். அலெக்சாண்ட்ரோவிச் அங்கே பேராசிரியராக இருந்தார். அது ஆராய்ச்சித் துறை, பி.எல். (சட்ட இளங்கலை) வகுப்பு நடந்தது வேறு இடத்தில், வேறு நிர்வாகத்தின் கீழ். 1997-க்குப் பிறகு இன்னொரு குழப்பமும் சேர்ந்தது. தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் தோன்றி, அதுவரை வெவ்வேறு பல்கலைக்கழகங்களோடு இணைந்திருந்த சட்டக் கல்லூரிகள் அதன் கீழ் வந்தன. அதோடு பல்கலைக்கழகம் தன் வளாகத்திலேயே சீர்மிகு சட்டப் பள்ளியையும் நடத்துகிறது. பல்கலைக்கழகமும் அம்பேத்கர் பெயரில், சென்னைக் கல்லூரியும் அம்பேத்கர் பெயரில். ஒரு செய்தித் துணுக்கில் 'அம்பேத்கர் சட்டக் கல்லூரி' என்று மட்டும் இருந்தால், எது என்று முகவரியைப் பார்த்து உறுதிசெய்த பிறகே குறிப்பெடுங்கள்.

விதிகளின் காலக்கோடு

நீளமான தாள் ஒன்றில் இரண்டு கோடுகள் போடுங்கள். மேல்கோட்டில் விதிகள், கீழ்க்கோட்டில் கல்லூரி. மேல்கோட்டை முதலில் நிரப்புங்கள்.

1801-ல் சென்னையில் சுப்ரீம் கோர்ட். அங்கே வழக்காடியவர்கள் இங்கிலாந்தில் சட்டம் பயின்ற பாரிஸ்டர்களும் அட்டர்னிகளும். கிழக்கிந்தியக் கம்பெனியின் மாவட்ட நீதிமன்றங்களில் வக்கீல்கள். 1862-ல் இரண்டு அமைப்பும் சேர்ந்து உயர் நீதிமன்றம் ஆனது. அப்போதும் வழக்கறிஞர்கள் ஒரே வகுப்பாக இல்லை: பாரிஸ்டர், அட்டர்னி, உயர் நீதிமன்ற வக்கீல், கீழ்நீதிமன்றப் பிளீடர் என்று பல படி. 1879-ன் சட்டத் தொழில் செய்வோர் சட்டம் இந்தப் படிகளை முறைப்படுத்தியது. இது ஏன் முக்கியம் என்றால், அந்தக் காலத்தில் வழக்கு நடத்தியவர்கள் எல்லாரும் சட்டக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் அல்லர். வ.உ. சிதம்பரம் பிள்ளை 1894-ல் பிளீடர் தேர்வு எழுதித் தேறியவர், பி.எல். பட்டதாரி அல்லர். அவர் காலத்து வழக்கறிஞர் ஒருவரைப் 'பழைய மாணவர்' பட்டியலில் சேர்க்கும் முன் அவர் பி.எல்.-ஆ, பிளீடரா என்று பாருங்கள்.

1926-ல் இந்திய பார் கவுன்சில்கள் சட்டம். சென்னையில் பி.எல். படிப்பு நெடுங்காலம் இரண்டு ஆண்டுதான். முதல் ஆண்டு முடிவில் எஃப்.எல். தேர்வு, அடுத்து பி.எல். தேர்வு, பிறகு மூத்த வழக்கறிஞர் ஒருவரிடம் பயிற்சி. பழைய கடிதங்களில் "எஃப்.எல். தேறினார்" என்று வந்தால் பட்டம் வாங்கிவிட்டார் என்று பொருள் கொள்ளக் கூடாது.

1961-ன் வழக்கறிஞர்கள் சட்டம் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. அதன் 7-ஆம் பிரிவு சட்டக் கல்வியின் தரத்தை வகுக்கும் பொறுப்பை இந்திய பார் கவுன்சிலுக்குக் கொடுத்தது. எந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டம் செல்லும் என்று அங்கீகரிக்கும் அதிகாரமும் அங்கே போனது. 24-ஆம் பிரிவில் ஒரு தேதி இருக்கிறது: 12 மார்ச் 1967. அதற்குப் பிறகு பட்டம் பெறுபவர் மூன்றாண்டுப் படிப்பு படித்திருக்க வேண்டும்.

இந்தத் தேதியைக் கீழ்க்கோட்டில் இறக்கிப் பாருங்கள். இரண்டாண்டுப் படிப்பு மூன்றாண்டானால் இடையில் ஒரு வருடம் வழக்கமான தேர்ச்சிக் கூட்டம் வெளியே வராது. பட்டம் பெற்றோர் எண்ணிக்கை அந்த ஆண்டில் சரியும். மாணவர் போராட்டம், தரக்குறைவு என்று அதற்குக் காரணம் கற்பித்த மலர் உண்டு. உண்மையில் அது காலண்டர் கணக்கு. அதே நேரத்தில் கல்லூரியில் இருக்கும் மொத்த மாணவர் எண்ணிக்கை, சேர்க்கை கூடாமலேயே, ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். வகுப்பறை, ஆசிரியர், விடுதி கேட்டு அரசுக்குப் போன கடிதங்களை அந்த ஆண்டுகளில் தேடுங்கள். நிச்சயம் அங்கே ஏதாவது கிடைக்கும்.

1982-ல் பார் கவுன்சில் ஐந்தாண்டுப் படிப்பை முன்வைத்தது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள் நேராகச் சட்டம் படிக்க வந்தார்கள். இதன் விளைவை மலர்கள் 'புதிய பாடப்பிரிவு தொடங்கப்பட்டது' என்ற ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. ஆனால் சட்டக் கல்லூரிக்குள் முதன்முறையாக ஆங்கிலம், வரலாறு, அரசியல் அறிவியல், பொருளாதார ஆசிரியர்கள் தேவைப்பட்டது இதனால்தான். மாணவர்களின் வயது இருபத்தொன்றிலிருந்து பதினேழுக்கு இறங்கியது. வேலைக்குப் போய்க்கொண்டே மாலையில் சட்டம் படித்தவர்களும் பள்ளியை அப்போதுதான் முடித்தவர்களும் ஒரே வளாகத்தில் இருந்தார்கள். இதற்கு ஒரு முழு அத்தியாயம் கொடுங்கள்.

பிறகு வருபவை: பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளிக்கான 1986-ன் கர்நாடகச் சட்டம், அங்கே என்.ஆர். மாதவ மேனன் தலைமையில் 1988-ல் முதல் வகுப்பு. 2008-ன் சட்டக் கல்வி விதிகள், அதே ஆண்டில் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வு. 2010-ல் அகில இந்திய பார் தேர்வு பற்றிய விதி. திருச்சியில் தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துக்கான 2012-ன் தமிழ்நாடு சட்டம். 2014-ல் தனியார் சட்டக் கல்லூரிகளைத் தடுக்கும் மாநிலச் சட்டம். 1 ஜூலை 2024 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே உங்கள் கல்லூரியில் அடுத்த மூன்று ஆண்டுகளில் என்ன மாறியது என்று தேடுங்கள். ஒன்றும் மாறவில்லை என்றால் அதையும் எழுதுங்கள்.

மாநில வரைபடமும் இந்தக் கோட்டில் இடம்பெற வேண்டும். சென்னை மாகாணத்தில் தெலுங்கு, மலையாளம், கன்னடம் பேசும் மாவட்டங்களிலிருந்து வந்த மாணவர்கள் 1953, 1956 பிரிவினைகளுக்குப் பிறகு குறைந்தார்கள். 1974-ல் மதுரையிலும் 1979-ல் கோவை, திருச்சியிலும் 1996-ல் திருநெல்வேலியிலும் அரசு சட்டக் கல்லூரிகள் வந்தபோது, தென் மாவட்ட, கொங்கு மாவட்டப் பிள்ளைகள் சென்னைக்கு ரயில் ஏற வேண்டிய கட்டாயம் போயிற்று. சேர்க்கைப் பதிவேட்டில் 'சொந்த மாவட்டம்' என்ற பத்தியை ஐந்தாண்டுக்கு ஒருமுறை எண்ணினாலே இது தெரிந்துவிடும்.

ஆவணங்களைத் தேடுதல்

எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம்தான் முதல் இடம். அடையாள அட்டை, கல்லூரியிலிருந்து ஓர் அறிமுகக் கடிதம், பென்சில் கொண்டுபோங்கள். பேனா எடுக்கக் கூடாது. அரசாணைகள் துறைவாரியாக, ஆண்டுவாரியாக அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வோர் ஆண்டுக்கும் அகரவரிசைச் சுட்டி உண்டு. சட்டக் கல்லூரி ஒரு காலத்தில் கல்வித் துறையின் கீழ் இருந்தது, பிற்காலத்தில் சட்டத் துறையின் கீழ். ஒரே துறையின் தொகுதிகளை மட்டும் பார்த்துவிட்டு "1950-க்குப் பிறகு ஆவணம் இல்லை" என்று எழுந்து வந்துவிடாதீர்கள். கோப்பு வேறு அலமாரிக்குப் போயிருக்கும். கட்டடம் பற்றியவை பொதுப்பணித் துறையில் இருக்கும். ஆசிரியர் நியமனம், கட்டணம், உதவித்தொகை, விடுதி ஆகிய தலைப்புகளிலும் சுட்டியைத் தேடுங்கள்.

பழைய அரசாணைகள் பல சமயம் இரண்டு மூன்று எண்கள் சேர்த்து ஒரே கட்டாக இருக்கும். நீங்கள் கேட்ட எண் இல்லை என்று சீட்டு திரும்பி வந்தால் அதற்கு முன்னும் பின்னும் உள்ள எண்ணைக் கேட்டுப் பாருங்கள். கோப்பு கையில் வந்ததும் ஆணைப் பகுதியை மட்டும் படித்துவிட்டு மூடாதீர்கள். மேலே 'படிக்கப்பட்டது' என்று ஒரு பட்டியல் இருக்கும். எந்தெந்தக் கடிதங்களின் மேல் இந்த ஆணை பிறந்தது என்பதை அது சொல்லும். அந்தச் சங்கிலியைப் பிடித்துப் பின்னோக்கிப் போனால், முதல்வர் ஏன் கேட்டார், நிதித் துறை ஏன் மறுத்தது, மூன்றாம் முறை ஏன் ஒப்புக்கொண்டது என்று முழு வாதமும் கிடைக்கும். கல்லூரியின் உண்மையான வரலாறு ஆணையைவிட அந்த மறுப்புகளில்தான் அதிகம் இருக்கிறது.

கோப்பு ஏன் அழிந்தது என்பதற்கும் முறை உண்டு. முடிந்த கோப்புகளை அலுவலகங்கள் ஆர்.டிஸ், டி.டிஸ், கே.டிஸ், எல்.டிஸ் என்று பிரித்து வைக்கும். ஆர்.டிஸ் நிரந்தரம், டி.டிஸ் 10 ஆண்டு, கே.டிஸ் 3 ஆண்டு; எல்.டிஸ் 1 ஆண்டு. மாணவர் தகராறு பற்றிய கடிதம் கே.டிஸ் முத்திரையோடு மூடப்பட்டிருந்தால் அது இன்று இருக்க வாய்ப்பில்லை. அலுவலர் தம்மிடம் வரும் தாள்களைக் குறித்துவைக்கும் தன்பதிவேட்டில் அதன் ந.க. எண்ணும் (கோப்பு எண்) பொருளும் ஒரு வரியில் மிஞ்சியிருக்கலாம். அந்த ஒரு வரியும் சான்றுதான்.

சென்னைப் பல்கலைக்கழக நாட்காட்டிகள் அடுத்த பெருஞ்செல்வம். நாட்காட்டி என்றால் சுவரில் மாட்டுவது அல்ல. ஆண்டுதோறும் அச்சான தடித்த புத்தகம். இணைவு பெற்ற கல்லூரிகள், பாடத்திட்டம், தேர்வு விதிகள், பட்டதாரிகளின் பெயர்கள் எல்லாம் அதில் உண்டு. மாகாணப் பொதுக்கல்வி ஆண்டறிக்கைகள் மாணவர் எண்ணிக்கையும் வரவு செலவும் தரும். புனித ஜார்ஜ் கோட்டை அரசிதழில் நியமனமும் விடுப்பும் தேதியோடு வரும். 1878-லிருந்து 'தி ஹிந்து', 1882-லிருந்து 'சுதேசமித்திரன்', 1891-லிருந்து 'மெட்ராஸ் லா ஜர்னல்'. சட்ட இதழ்களில் தீர்ப்புகளைத் தாண்டி, தனிப் பக்க எண்ணோடு வரும் கட்டுரைப் பகுதியைப் புரட்டுங்கள். சட்டக் கல்வி பற்றிய சண்டைகள், ஓய்வுபெற்ற பேராசிரியர்களுக்கான இரங்கல் உரைகள் அங்கே இருக்கும். கன்னிமாரா நூலகம், பல்கலைக்கழக நூலகம், தரமணியின் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் மூன்றையும் விடாதீர்கள். புதுச்சேரியைப் பற்றி எழுதுபவருக்குப் பிரெஞ்சு படிக்கத் தெரிந்த ஒருவரின் துணை இல்லாமல் ஆகாது.

கல்லூரிக்குள்ளேயே இருக்கும் பதிவேடுகளில் சேர்க்கைப் பதிவேட்டை எல்லாரும் தேடுவார்கள். நாங்கள் முதலில் கேட்கச் சொல்வது நூலகத்தின் வரவுப் பதிவேடு. எந்த நூல், எந்த நாளில், யாரிடமிருந்து, என்ன விலைக்கு, எத்தனை பிரதி என்று அதில் இருக்கும். 1950-க்குப் பிறகு அரசியலமைப்பு நூல்கள் எப்போது வந்தன, ரோமச் சட்ட நூல்கள் வாங்குவது எப்போது நின்றது, தமிழில் சட்ட நூல் எப்போது முதலில் அலமாரி ஏறியது என்பதைப் பாடத்திட்டத்தைவிட நேர்மையாக அது சொல்லும். பாடத்திட்டம் என்ன கற்பிக்கப்பட வேண்டும் என்கிறது; வரவுப் பதிவேடு என்ன படிக்கக் கிடைத்தது என்கிறது.

அரசு அலுவலகத்தில் உள்ளதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ன் கீழ் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய். பதில் 30 நாளில். "கல்லூரியின் வரலாறு தொடர்பான எல்லா ஆவணங்களும்" என்று கேட்டால் ஒன்றும் வராது. "1979 ஜூன் முதல் 1980 மே வரை கல்லூரி தொடங்குவது குறித்து வெளியான அரசாணைகளின் எண், நாள், நகல்" என்று கேளுங்கள். ரகசியம் என்று மறுத்தால் 8(3) பிரிவைக் காட்டுங்கள். 20 ஆண்டு கடந்த நிகழ்வுகளுக்கு, சில விலக்குகள் நீங்கலாக, தகவல் தந்தாக வேண்டும். நகல் கேட்பதைவிடக் கோப்பை நேரில் பார்வையிட அனுமதி கேட்பது மேல். நகலில் வராத ஓரக்குறிப்புகள் நேரில் தெரியும்.

எண்களைப் படிப்பதில் நேரும் பிழைகள்

பொதுக்கல்வி அறிக்கையில் வரும் மாணவர் எண்ணிக்கை மார்ச் 31 அன்று பெயர்ப்பட்டியலில் இருந்தவர்கள். ஜூனில் சேர்ந்து டிசம்பரில் விலகியவர்கள் அதில் இல்லை. நாட்காட்டியில் உள்ளது தேர்வு எழுதித் தேறியவர்கள். கல்லூரிப் பதிவேட்டில் உள்ளது சேர்ந்தவர்கள். மூன்றும் மூன்று எண்; ஒரே வரைபடத்தில் இணைத்துக் கோடு போடாதீர்கள். நிதியாண்டு, கல்வியாண்டு, நாட்காட்டி ஆண்டு மூன்றையும் தனித்தனியே குறியுங்கள். '1967-68' என்று எழுத வேண்டிய இடத்தில் '1967' என்று எழுதியதால் மட்டும் ஒரு தொகுதி மாணவர்கள் முழுசாக இடம் மாறிப் போவதுண்டு.

வரவையும் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். சட்டம் கற்பிக்க ஆய்வகம் வேண்டாம், மருத்துவமனை வேண்டாம். கட்டண வரவு செலவைத் தொட்ட அல்லது தாண்டிய ஆண்டுகள் உங்கள் கல்லூரியில் இருந்தனவா என்று பாருங்கள். இருந்தால், அந்த ஆண்டுகளில் முழுநேர ஆசிரியர் எத்தனை பேர் என்று அடுத்த பத்தியில் எழுதுங்கள். வாசகர் தானாகவே புரிந்துகொள்வார்.

ஆசிரியர்கள்

முதல்வர் பட்டியலுக்கு ஒரு பக்கம் போதும். அதைவிடப் பயனுள்ளது பகுதிநேர ஆசிரியர்களின் பட்டியல். நெடுங்காலம் சட்டம் கற்பித்தவர்கள் நீதிமன்றத்தில் தொழில் செய்தவர்களே. பி.எஸ். சிவசாமி ஐயர் 1893 முதல் 1899 வரை சென்னைச் சட்டக் கல்லூரியில் உதவிப் பேராசிரியர். அதே காலத்தில் உயர் நீதிமன்ற வக்கீல், 'மெட்ராஸ் லா ஜர்னல்' ஆசிரியர்களில் ஒருவர். நீதிமன்றம் பத்தரை மணிக்குக் கூடினால் வகுப்பு அதற்கு முன்னோ மாலையிலோதான் நடக்க முடியும். ஆகவே பழைய கால அட்டவணை கிடைத்தால் விடாதீர்கள். கல்லூரி நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் ஏன் கட்டப்பட்டது என்பதற்கு அதுவே விடை. கல்லூரி நகரத்துக்கு வெளியே போனபோது இந்த உறவு அறுந்ததா, எந்த வகையில் அறுந்தது என்பதும் எழுதத்தக்க பொருள்.

முழுநேர ஆசிரியர் பணியிடங்கள் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை ஒன்று, நிரப்பப்பட்ட எண்ணிக்கை வேறு. அரசாணையில் முதலாவது இருக்கும். சம்பளப் பட்டியலில் இரண்டாவது. இரண்டையும் எடுங்கள்.

மாணவர்கள், பெண்கள், 'முதல்' என்ற பட்டம்

'முதல் பெண்' என்று எழுதும் முன் எதில் முதல் என்று கேளுங்கள். கல்லூரியில் சேர்ந்த முதல் பெண், பட்டம் பெற்ற முதல் பெண், வழக்கறிஞராகப் பதிவான முதல் பெண் மூவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டியதில்லை. 1916-ல் ரெஜினா குஹா சட்டப் பட்டத்தோடு வந்தும் கல்கத்தா உயர் நீதிமன்றம் பெண் என்பதால் பதிய மறுத்தது. 1923-ன் பெண் வழக்கறிஞர்கள் சட்டம்தான் தடையை நீக்கியது. எனவே 1923-க்கு முந்தைய பெண் பட்டதாரி யாரேனும் உங்கள் பட்டியலில் கிடைத்தால், அவர் வழக்காடினாரா என்பது தனிக் கேள்வி. பதிவு விவரத்துக்குப் பார் கவுன்சில் பதிவேட்டைப் பாருங்கள். பிற்காலப் பதிவுகளில் 'எம்.எஸ்.' என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஆண்டும் சேர்ந்தே இருக்கும்.

புகழ்பெற்றவர்களைச் சேர்ப்பதிலும் இதே கவனம் தேவை. ராஜாஜி பிரசிடென்சி கல்லூரியில் சட்டம் படித்து 1897-ல் முடித்தார் என்று பல வாழ்க்கைக் குறிப்புகள் சொல்கின்றன. ஆனால் சட்டக் கல்லூரி 1891-லேயே தனியாகிவிட்டது. பட்டதாரி எந்தக் கல்லூரி என்பதை நாட்காட்டியில் பார்த்துவிட்டு எழுதுங்கள். வாழ்க்கைக் குறிப்பை அப்படியே பெயர்த்து எழுதாதீர்கள்.

சாதி, வகுப்புவாரி விவரங்களை நாகரிகம் கருதி விட்டுவிடுவது தவறு. இடங்களைச் சமூகவாரியாகப் பங்கிட்ட 1920களின் வகுப்புவாரி அரசாணைகள், அந்தப் பங்கீடு செல்லாது என்ற 1951-ன் செண்பகம் துரைராஜன் தீர்ப்பு, அதைத் தொடர்ந்த முதல் அரசியலமைப்புத் திருத்தம், பிற்காலத்தின் 69 விழுக்காடு இடஒதுக்கீடு ஆகியவை தமிழ்நாட்டில் யார் கல்லூரிக்குள் வந்தார்கள் என்பதைத் தீர்மானித்தன. யார் வக்கீலாகலாம் என்பதன் வரலாறு இங்கேதான் மிகத் தெளிவாகத் தெரியும். மொத்த எண்ணிக்கைகளைத் தாருங்கள். தனி மாணவர் பெயரோடு சாதியைச் சேர்த்து அச்சிடாதீர்கள்.

கசப்பான நிகழ்வுகள்

சென்னைச் சட்டக் கல்லூரி வளாகத்தில் 12 நவம்பர் 2008 அன்று மாணவர்களிடையே நடந்த சாதி மோதலைத் தமிழகமே தொலைக்காட்சியில் பார்த்தது. அதை விட்டுவிட்டு அந்தக் கல்லூரியின் வரலாற்றை எழுத முடியாது. எழுதும் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் விசாரணை ஆணையத்தின் அறிக்கை, பிறகு அரசாணைகள், பிறகு நீதிமன்ற உத்தரவுகள், கடைசியில் செய்தித்தாள்கள். சம்பந்தப்பட்ட மாணவர்களின் பெயர்கள் தேவையில்லை. வழக்கு முடிவு தெரியாமல் 'குற்றவாளி' என்று எழுதக் கூடாது. சட்டக் கல்லூரியின் வரலாற்றில் அந்தப் பிழை இருந்தால் மன்னிக்கவே முடியாது.

நேர்காணல்

ஒரு மணி நேரத்துக்கு மேல் போகாதீர்கள். முதியவர் களைத்துவிட்டால் கேட்டதற்கெல்லாம் ஆமாம் என்பார். "அந்தக் காலம் எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நன்றாக இருந்தது" என்றுதான் வரும். பொருளைக் காட்டிக் கேளுங்கள்: பழைய வகுப்புப் படம், வினாத்தாள், கட்டண ரசீது. வகுப்பு எத்தனை மணிக்கு, வருகைப்பதிவு யார் எடுத்தார், மாதிரி நீதிமன்றம் நடந்ததா, எந்த நூலை இரவல் வாங்கிப் படித்தீர்கள், விரிவுரை ஆங்கிலத்திலா தமிழிலா, ஆங்கிலம் வராதவர்கள் என்ன செய்தார்கள் என்று துண்டு துண்டாகக் கேளுங்கள். அலுவலக உதவியாளர், நூலகர், விடுதிச் சமையல்காரர் ஆகியோரையும் கேளுங்கள். ஒலிப்பதிவைப் பயன்படுத்த எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். ஆண்டு, தேதியை நினைவிலிருந்து சொன்னால் ஆவணத்தோடு ஒப்பிடுங்கள். வேறுபட்டால் இரண்டையும் தாருங்கள்.

கட்டடமும் படங்களும்

கட்டடத்தை விவரிக்கும் முன் நிலத்தை விவரியுங்கள். சென்னைக் கல்லூரி நின்ற இடம் ஆங்கிலேயரின் பழைய இடுகாடு. 1680-ல் இறந்த ஜோசப் ஹின்மர்ஸ், 1688-ல் இறந்த, சென்னை ஆளுநர் எலிஹு யேலின் மகன் டேவிட் ஆகியோரின் கல்லறை வளாகத்துக்குள்ளேயே நிற்கிறது. நிலம் யாருடையது, எந்த ஆணையால் கல்லூரிக்கு வந்தது என்று வருவாய்த் துறைப் பதிவிலிருந்து எடுங்கள்.

படங்களை 600 டிபிஐ-யில் டிஃப் கோப்பாகவும், எழுத்துப் பக்கங்களை 300-லும் வருடுங்கள். கிழிந்த தாளில் செலோ டேப் ஒட்டவே கூடாது; பசை சில ஆண்டுகளில் பழுப்பேறி எழுத்தைத் தின்றுவிடும். லேமினேஷனும் கூடாது. படத்தின் பின்புறத்தையும் வருடுங்கள். ஸ்டூடியோ முத்திரை, ஆண்டு, பெயர்கள் அங்கேதான் இருக்கும். பதிப்புரிமைக்கு ஒரு எச்சரிக்கை: 1957-ன் சட்டத்தில் புகைப்படங்களுக்கு வெளியான ஆண்டிலிருந்து கணக்கிட்டு உரிமைக் காலம் தந்த 25-ஆம் பிரிவை 2012 திருத்தம் நீக்கிவிட்டது. இப்போது எடுத்தவரின் ஆயுளும் அதன்மேல் 60 ஆண்டும். பழைய மாணவர் ஆல்பத்தைக் கொடுத்தார் என்பதற்காக அவர் உரிமையாளர் ஆகிவிட மாட்டார். படம் எடுத்தது ஸ்டூடியோ.

எழுதி முடித்த பிறகு

அச்சுக்கு அனுப்பும் முன் மூன்று பேரிடம் கொடுங்கள்: ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர், கல்லூரியோடு தொடர்பே இல்லாத ஒரு வழக்கறிஞர், இப்போது படிக்கும் ஒரு மாணவர். முதலாமவர் பெயர்களையும் இரண்டாமவர் சட்டங்களையும் திருத்துவார். மூன்றாமவர் எந்த இடத்தில் படிப்பதை நிறுத்தினார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெயர்ச் சுட்டி இல்லாமல் வெளியிடாதீர்கள். பழைய மாணவர்களின் பிள்ளைகள் முதலில் திருப்புவது அதைத்தான். எடுத்த நகல்கள், ஒலிப்பதிவுகள், குறிப்பேடுகள் எல்லாவற்றையும் ஒரு பட்டியலோடு கல்லூரி நூலகத்தில் ஒப்படைத்து, வரவுப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். நூல் வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் கன்னிமாராவுக்கும் மும்பை, டெல்லி நூலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும். 1954-ன் நூல் வழங்கல் சட்டம் வெளியிடுபவர் மேல் அந்தக் கடமையை வைத்திருக்கிறது.